நம்பர் போட்ட இருபது மரங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு படிவத்தில் கிடைத்தது. நான் வேலையை விட்டதும் அந்தப் படிவத்தால்தான். இதை எழுதுவதில் எனக்கு ஆதாயம் இல்லை. வேறு வேலையும் இல்லை.

2

முதல் தொடக்கம்: கடல் தாண்டிய குளிர்நாட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஜன்னலோரமாக

(அடித்துவிட்டேன். அவருக்கு என்னால் ஒரு ஜன்னல்தான் கொடுக்க முடிந்தது. அவருடைய ஓய்வூதிய நிதி வேப்பந்தட்டைப் பக்கம் மரம் வளர்க்கிறது என்பது மட்டும் தெரியும். மரம் வளரும், காற்றிலுள்ள கரியை இழுக்கும், பணமும் பெருகும். இதற்கு இயற்கை மூலதனம் என்று பெயர்.)

3

அந்த மரங்கள் நிற்கும் நிலத்தில் மூன்று ஏக்கர் வளர்மதி என்ற விவசாயியுடையது. கிணறு வற்றிய பிறகு, அந்த நிதியின் கம்பெனிக்கு முப்பது வருடக் குத்தகைக்கு விட்டார். ஆயிரத்து இருநூறு மலைவேம்பு. குத்தகையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. [தேய்ந்த சொல். வேறு வருமானம் இல்லை என்று படிக்கவும்.]

எல்லா மரத்தையும் அளக்க முடியாது. மரங்களுக்கு நாலு வயது ஆனதும், இருபதில் மட்டும் மஞ்சள் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். அந்த இருபது எப்படியோ, மொத்தமும் அப்படி. பெரம்பலூர் ஆபீசில் அந்த அளவைக் கம்ப்யூட்டர் படிவத்தில் ஏற்றுவது என் வேலை. குளிர்நாட்டுக்காரர்களுடைய பகலுக்கு ஏற்ப எனக்கு நைட் ஷிப்ட்.

4

அளவெடுக்க ஆள் போதவில்லை என்று ஃபீல்டு ஆபீசர் ராஜவேல் என்னையும் கூட்டிப் போனார். வரப்போரமாக இருபது மரமும் அடுக்கியிருந்தது. நம்பர் வெளியே தெரியும்படி, ஒன்றிலிருந்து வரிசையாக.

"வாங்க சார். போன மாசமே வெட்டிட்டேன். லாரியக் காணமேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார் வளர்மதி.

"உங்கள யாருங்க வெட்டச் சொன்னா?" என்றார் ராஜவேல்.

"நம்பர் போட்டா வெட்டத்தானே சார்? ரோடு போடறப்ப புளியமரத்துக்கெல்லாம் போட்டாங்க, மறுமாசம் ஒண்ணு நிக்கல. உங்களுக்கு வெட்டுக்கூலி மிச்சம். நம்பர் இல்லாததுல ஒரு கொப்பு ஒடிச்சிருப்பனா? எண்ணிப் பாருங்க."

எண்ணினோம். ஆயிரத்து நூற்றெண்பது. ஒரு கொப்பும் ஒடியவில்லை.

ராஜவேல் நிழலில் உட்கார்ந்துவிட்டார். நிழல் நன்றாகவே இருந்தது.

"ஏன் சார்? வெட்டு சரியில்லையா?"

"வெட்டெல்லாம் சரியாத்தாங்க இருக்கு."

5

படிவத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டே கட்டம்: உயிருடன் இருக்கிறது, செத்துவிட்டது.

(விளக்கம் எழுத இடம் உண்டா என்று ஆபீசில் கேட்டேன். "அடுத்த வெர்ஷன்ல வரும்" என்றார்கள்.)

முடிவு ஒன்று: இருபதும் செத்துவிட்டன. உண்மை. மூன்று ஏக்கர் காடு காகிதத்தில் அழிகிறது. குத்தகை ரத்து.

முடிவு இரண்டு: இருபதும் உயிருடன். பொய். காடு உயிருடன் இருக்கிறது என்பது மட்டும் உண்மை.

முடிவு மூன்று: ராஜவேல் பெயிண்ட் டப்பா வாங்கிவந்து வேறு இருபது மரத்துக்கு அதே நம்பரைப் போட, வளர்மதி அரிவாளைத் தீட்டிக்கொண்டு

6

நான் எதையும் அழுத்தாமல் எழுந்து வந்துவிட்டேன். இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதக் கடைசிக்குள் யாரும் அழுத்தாவிட்டால் படிவம் தானாகவே 'செத்துவிட்டது' என்று பதிந்துகொள்ளும். அது தெரிந்துதான் வந்தேன்.

நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். இன்று தேதி இருபத்தொன்பது. லாரி எப்போது வரும் என்று வளர்மதி போன் செய்வார். எடுத்துப் பேசுங்கள்.