வேப்பமரத்தடிக் கோணி

"வெள்ளச் சட்ட போட்டு வெய்யிங்கக்கா, கழுத்துல ஒரு செயினும்..."

"செயினா? அப்பா கழுத்துல துண்டத் தவிர இன்னா கெடந்துச்சி? யாரு தலைய யாரு ஒடம்புல..."

"நீ சும்மா இருடி. ஊரே வந்து பாக்கும். துண்டோட நிக்க வெச்சா என்னியத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். ஊருக்குத் தெரிஞ்ச மனுசன ஊருக்கே தெரியாத ஆளா ஆக்காதண்ணே."

தேவிப்ரியா மவுசிலிருந்து கையை எடுத்துக் கண்களைக் கசக்கிக்கொண்டாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவளுடைய ஸ்டுடியோ. பேர்தான் ஸ்டுடியோ, வேலையெல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர்தான். செத்தவர் தலையை வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் வெள்ளைச் சட்டை உடம்பின் மேல் ஒட்ட வேண்டும். அந்த ஒரே சட்டையை இந்தத் தாலுகாவில் செத்தவர்களில் பாதிப் பேர் போட்டுவிட்டார்கள்.

சண்டை போட்ட இருவரும் மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரர்கள். அஜித் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவன். தனுஷா அவன் தங்கை. அவர்களுடைய அப்பா சின்னராசுவுக்கு நாளை மறுநாள் காரியம். அம்மா அமிர்தம் சுவரோரப் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுச் சண்டையோ என்பது போல உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்திருந்த ஒரே படம் ஆதார் கார்டில் இருந்தது.

"இதுல அப்பா திருடன் மாதிரி கீறாரு" என்றான் அஜித்.

"அதுல எல்லாருமே திருடன் மாதிரிதான் இருப்போம். ஒன் போன்ல இல்லியா?" என்றாள் தேவிப்ரியா.

"அது ஆத்துல வுழுந்துடுச்சிக்கா."

"வுழாம இருந்தா மட்டும்? பூரா இவன் மூஞ்சியாத்தான் இருக்கும்" என்றாள் தனுஷா.

தேவிப்ரியாவுக்குச் சின்னராசுவை நன்றாகத் தெரியும். பலாப்பழக் காலத்தில் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, ஸ்டாண்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கோணி விரித்துக் கடை போடுவார். மற்ற மாதங்களில் புளி, கடுக்காய். மத்தியானத்தில் அவரிடம் சுளை வாங்கித் தின்றிருக்கிறாள். சிரித்தால் முன்பல்லில் ஒரு சந்து தெரியும்.

"சண்ட வேணாம், இருங்க" என்றாள். "எங்கிட்ட நெறைய இருப்பாரு."

பல வருசமாக, தினமும் கடை திறக்குமுன் ஒரே கரண்டுக் கம்பத்தருகே நின்று, அந்த வேப்பமரப் பக்கத்தை ஒரு படம் எடுப்பாள். ஆரம்பித்தபோது ஆசையாக இருந்தது. ஊர் மாவட்டத் தலைநகராகி, நாளுக்கொன்றாக ஏதாவது காணாமல் போகத் தொடங்கிய பிறகு அது ஒரு கடனைப் போல ஆகிவிட்டது. விட்டுவிடவும் முடியவில்லை.

ஃபோல்டரைத் திறந்தாள். வேப்பமரம். அடியில் கோணி, பலாப்பழங்கள், கத்தி, பிசினுக்கு எண்ணெய்ப் பாட்டில். ஆள் இல்லை.

"டீ குடிக்கப் போயிருப்பாரு."

அடுத்த படம். பழம் இருந்தது, கத்தி இருந்தது, மடித்துப் போட்ட துண்டுகூட இருந்தது. ஆள் இல்லை.

"இப்பவும் டீக்குத்தான்..."

"எங்கப்பா டீயே குடிக்க மாட்டாருங்கக்கா" என்றாள் தனுஷா.

தேவிப்ரியா வேகமாகத் தள்ளினாள். மரம் போய் அடிக்கட்டை நின்றது. அடிக்கட்டை போய் ஜல்லி வந்தது. தார் வந்தது, நடுவில் சிமெண்டுச் சுவர் வந்தது. கோணி மட்டும் ஒதுங்கி ஒதுங்கி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போயிருந்தது. எந்தப் படத்திலும் சின்னராசு இல்லை. டீக்கடைக்காரர் இருந்தார், கண்டக்டர்கள் இருந்தார்கள், ஒரு நாய் வளர்ந்து கிழடாகும் வரை இருந்தது.

"நாய்கூடக் கீது" என்றான் அஜித். அவன் குரல் இறங்கியிருந்தது. "வெள்ளச் சட்டையே போட்ருங்கக்கா."

இம்முறை தனுஷாவே ஆதார் கார்டை எடுத்து நீட்டினாள். தேவிப்ரியா அதை வாங்கி ஸ்கேனரில் கவிழ்த்தாள்.

அப்போதுதான் அமிர்தம் வாயைத் திறந்தாள்.

"அது நீதானா? போட்டோ புடிக்கிற அம்மான்னு சொல்லுவாரு. 'அதுக்கு ஊருதான் வேணும், நாம இன்னாத்துக்குக் குறுக்கால குந்திகினு'ன்னு, நீ வர்றது தெரிஞ்சாலே எழுந்துக்குவாராம்."

"எங்க போவாரு?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

"எங்கியும் போவ மாட்டாரு. பழத்த எவனாச்சும் தூக்கினு போய்ட்டா? ஒம் முதுவுக்குப் பின்னால, அந்தக் கம்பத்தாண்டதான் நின்னுகினு இருப்பாராம். நீ புடிச்சிட்டுப் போனப்பறந்தான் வந்து குந்துவாராம்."

ஸ்கேனரின் வெளிச்சம் கார்டுக்கடியில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்து அணைந்தது. அமிர்தம் எழுந்து வந்து, திரையில் இருந்த கோணியையும் துண்டையும் குனிந்து பார்த்தாள்.

"ஒரு நாளுகூட நீ திரும்பிப் பாக்கலியாம்மா?"