ஜெலிபாவின் சாவு வீட்டு வேலைகள்

1

செல்லங்களே, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலைக்குள் பிறக்கவில்லை, தலைக்கு மேலே பிறந்தது. சிப்பாட்டாச் சந்தையில் கசோண்டேயின் முடிவெட்டும் கடையில் நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு கையில் மெஷினும் மறு கையில் அடுத்தவள் போனுமாக நின்றபடி ஒரு பெண்ணைக் கொன்றான். வாயால்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உலகமயமாதல் ஏழை நாடுகளின் நலத்திட்டங்களை எவ்வாறு—" எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்து: "கருமேகம் சூழ்ந்த ஒரு மாலையில்—" பச்சைப் பொய். பகல் பதினோரு மணி, மண்டை பிளக்கும் வெயில்.

2

ஜெலிபா ஜெரே கணவனை இழந்தவள், ங்கோனி இனத்தவள். கசோண்டேயின் கடைக்கு எதிரே தக்காளி விற்கிறாள். அவன் பெம்பா இனத்தவன். ஆகவே இருவருக்கும் கேலி முறை.*

அவள் வீட்டில் மின்சாரம் இல்லை. சந்தையில் பாதிப்பேரைப் போல அவளும் போனைச் சார்ஜ் ஏற்ற அவன் கடையில்தான் கொடுப்பாள். அன்று அது அடித்தது. கசோண்டே எடுத்தான்.

"வணக்கம். திருமதி ஜெலிபா ஜெரே தற்போது உயிருடன் உள்ளாரா?" என்றது ஒரு குரல்.

"அவளா? எலிக்கறி தொண்டையில அடைச்சு நேத்தே போய்ச் சேந்துட்டா!"

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். அடக்கம் முடிந்ததா?"

"எங்கங்க முடியுது? குழிக்குள்ள இறக்குறப்பவும் தக்காளி விலையில பேரம் பேசுறா!"

எதிரே ஜெலிபா ஒரு அழுகல் தக்காளியை எடுத்துக் குறிபார்த்தாள். "யார்கிட்டடா என்னைச் சாகடிக்கிற, குரங்குதின்னி?"

"உங்க சொந்தக்காரங்கடி, எலிதின்னி! துக்கம் கேக்குறாங்க!"

"நன்றி. இந்த உரையாடல் தரம் கருதிப் பதிவு செய்யப்பட்டது" என்று குரல் போனை வைத்துவிட்டது.

(* அந்தக் காலத்தில் இரண்டு இனமும் அடித்துக்கொண்டன. பிறகு ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயை எடுத்துக்கொண்டன. எலிதின்னி, குரங்குதின்னி என்று என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. இது தெரியாதவர் எங்கள் சந்தையில் இல்லை. தெரியாத அந்த ஒரே ஆள் போன் செய்தால் நாங்கள் என்ன செய்வோம்?)

2 (மறுபடியும், முதல் இரண்டில் முக்கியமானதை விட்டுவிட்டேன்)

இரண்டு மாதத்துக்கொரு முறை ஜெலிபாவுக்கு உதவிப்பணம் வரும். அவள் மாவு மூட்டை வாங்குவது அதில்தான். தக்காளி விற்று வருவது உப்புக்கும் சோப்புக்கும் சரியாகிவிடும். அந்தக் குரல், உதவிப்பணம் வாங்குபவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று விசாரிக்கும் குரல்.

முன்பெல்லாம் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை ஊர்க்குழு மாமரத்தடியில் உட்கார்ந்து சொல்லும். குழுவில் பாதிப்பேர் பொய் சொல்வார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உயிரோடிருப்பவளைச் செத்தவள் என்று எழுதக் கூச்சப்படுவார்கள். மறுநாள் அவளிடம்தானே தக்காளி வாங்க வேண்டும்? இப்போது பணம் தருவது பனி கொட்டும் ஒரு நாடு. பட்டியல் வைத்திருப்பது இன்னொரு நாட்டின் கணினி. விசாரிப்பது நடுக்கடல் தீவு ஒன்றில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவளும் பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ. அவர்களில் ஒருவர்கூட ஜெலிபாவிடம் தக்காளி வாங்கியதில்லை.

3

(மூன்றாம் பகுதியை எழுதிய தாளில் யாரோ வேர்க்கடலை மடித்துவிட்டார்கள். அதில் நான் நிறையக் கோபப்பட்டிருந்தேன். கடலை நன்றாக இருந்தது.)

4

பணம் வரவில்லை. நலத்துறை அலுவலர் சக்காலா திரையைப் பார்த்தார், ஜெலிபாவைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க இறந்துட்டீங்க."

"உன் எதிர்ல நிக்கிறேனே, தம்பி!"

"நிக்கிறீங்கம்மா. நல்லாத்தான் நிக்கிறீங்க. ஆனா இதை மாத்துற சாவி எங்ககிட்ட இல்ல. அவங்க மறுபடி ஒரு தடவை கூப்பிடுவாங்க. சாவைச் சொன்ன அதே குரலே உயிரோட இருக்காங்கன்னு சொல்லணும். ஒரே தடவைதான்."

"எப்ப கூப்பிடுவாங்க?"

"அது எங்களுக்கும் தெரியாதும்மா."

5

இந்த இடத்தில் கசோண்டேயை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். பொருந்தவில்லை. அவன் வெட்கப்பட்டு, வாடிக்கையாளர் ஒருவரின் புருவத்தைத் தெரியாமல் மழித்துவிட்டான்.

ஜெலிபா கோபப்படவில்லை. படவும் கூடாது, முறை அப்படி. கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன்டா, நான் செத்தது உண்மைதானே?"

"கணினி அப்படித்தான் சொல்லுதாம்."

"ங்கோனி வீட்ல சாவு விழுந்தா வாசல் கூட்டி, தண்ணி எடுத்து, சமைச்சுப் போடறது யாரு?"

சந்தையே வாயைப் பொத்திக்கொண்டது. சாவு வீட்டு வேலை முழுவதும் கேலி முறைக்காரன் தலையில் விழும், அதுவும் முறைதான். கசோண்டே துடைப்பத்தை எடுத்தான்.

நாள்தோறும் அவன் வாசல் கூட்டினான்; குடம் சுமந்தான்; நிசிமாக் களி கிண்டினான். பிணம் பாயில் சாய்ந்தபடி கட்டளையிட்டது.

"கட்டி தட்டியிருக்குடா. செத்தவளுக்குப் போடற சோறா இது?"

"செத்தவங்க வாயைத் திறக்கக் கூடாதுடி!"

6

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

பனிநாட்டு அதிகாரி நேரில் வந்து கண்ணீர்விட்டு— வேண்டாம். அவருக்குக் களி பிடிக்காது.

ஜெலிபா செத்தே சுகமாக இருந்துவிடுகிறாள். நாடுகள் கைவிட்ட இடத்தில் கேலி முறை களி கிண்டுகிறது, ஆஹா! இந்த முடிவில் எனக்கு ஆசைதான். ஆனால் கசோண்டேக்கு நான்கு பிள்ளைகள். அவன் களி கிண்டியது தன் வீட்டு மாவில். நேற்று அவன் மனைவி மூட்டையைத் தலைகீழாக உதறியதை நான் பார்த்தேன். இனி இரண்டு வீட்டுக்குமே அந்த அழைப்புதான் கதி.

7

இதோ, போன் அடிக்கிறது. நீளமான வெளிநாட்டு எண்.

பத்து நாளாகச் சந்தையே அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது: "இருக்கா. அவ்வளவுதான் சொல்லணும். அதுக்கு மேல வாயத் திறக்காத!" சின்ன வார்த்தைதான். ஆனால் பிறந்ததிலிருந்து ங்கோனிகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூட நேராகச் சொன்னதில்லை.

"திருமதி ஜெலிபா ஜெரே தற்போது உயிருடன் உள்ளாரா?"

எதிரே ஜெலிபா தக்காளியைக் கீழே வைத்துவிட்டாள். ஆனாலும் பாருங்கள், பாழாய்ப்போன அந்த நாக்கு சும்மா இருக்குமா? "சொல்லுடா, குரங்குதின்னி!"

கசோண்டேயின் கன்னம் உப்புகிறது. கண்ணில் நீர் முட்டுகிறது. உள்ளேயிருந்து ஒரு பதில் கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டைக்கு வந்துவிட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியும், மகா வேடிக்கையான பதில். அதனால்தான் என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், செல்லங்களே. இன்னும் சூடாக இருக்கும், பார்த்துப் பிடியுங்கள். எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரே வார்த்தை, சிரிக்காமல்.