மூன்றாவது பிக்கப்பும் மந்தம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

அக்காவிடம் ஒரு பழைய பெடல் ஸ்டீல் கிடார் இருக்கிறது. மேசை மாதிரி நான்கு கால். உட்கார்ந்துகொண்டு, பெடலை மிதித்தபடி வாசிப்பது. கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கித் தரும் பிக்கப் போன மாதம் செத்துப்போனது. அதே பழைய ரகம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. பழுதுபார்ப்பவர் புதிதாக ஒன்றை மாட்டினார்.

"மந்தமா இருக்கு" என்றாள் அக்கா.

இரண்டாவதை மாட்டினார். மந்தம். மூன்றாவது...

(இந்த இடத்தில் காந்தம், செம்புக் கம்பிச் சுற்று என்று ஒரு பக்கம் இருந்தது. எனக்கே புரியாததால் கிழித்துவிட்டேன்.)

...அதுவும் மந்தம். அக்கா கை கழுவப் போனபோது பழுதுபார்ப்பவர் என் பக்கம் சாய்ந்தார்.

"சார், மூணுமே கணீர்னு கேக்குது. அக்காவ ஒரு தடவ காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்களேன்."

2

அக்காவை அப்படியே எழுதினால் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே கதையில் அவளைச் சித்தப்பாவாக்கினேன். மீசையும் வைத்தேன். 'சித்தப்பாவின் காதுக்குள் ஒரு கதவு மெல்ல மெல்ல...' வேண்டாம், அடித்துவிட்டேன்.

தாள்களை மேசைமேலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனது மறதி. (மறதிதானா என்று நீங்கள் கேட்டால், அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.)

வந்து பார்த்தால் அக்கா படித்து முடித்திருந்தாள்.

"எனக்கு எதுக்குடா மீசை?"

"அது சித்தப்பாக்கா."

"நமக்கேது சித்தப்பா?"

நான் துண்டோடு நின்றேன். அவள் அடுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினாள்.

"குருவிச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு. நீ ஜன்னலச் சாத்திருப்பேன்னு நெனச்சேன்."

3

மறுநாள் கடையில் மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னாள். என்னை எதிரே உட்காரவைத்து, ஒரே மெட்டை மூன்று தடவை வாசித்தாள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

"இதுதான் நல்லா கேக்குதாக்கா?" என்றார் பழுதுபார்ப்பவர்.

"எனக்கு மூணும் ஒண்ணுதான். இத வாசிச்சப்ப மட்டுந்தான் இவன் செல்போனத் தொடல."

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சொட்டு மருந்திலேயே சரியாகிவிடுகிறது. இன்னொன்றில் காதுக் கருவி. மூன்றாவதில் நான் அழகாக அழுகிறேன். அக்கா மூன்றையும் பேனாவால் அடித்துவிட்டாள்.

"டாக்டரே நாளைக்குத்தான் பாக்கப்போறாரு. உனக்கென்ன அவசரம்?"

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவளைப் பாவம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் படிப்பாள், திட்டு எனக்குத்தான் விழும்.