ஜன்னலில் இரண்டு பீங்கான் நாய்கள்

டென்மார்க்கின் ஃபானோ தீவில், சோண்டர்ஹோ கிராமத்தில், விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஓலைக்கூரை வீடு ஒன்றுக்கு, நூற்றுப் பதினெட்டு வருடங்களுக்கு முன் கடலில் மூழ்கிப்போன மாலுமி யெஸ்பர் ஒரு ஜூலை செவ்வாய்க்கிழமை காப்பி நேரத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று படகு கால் மணி நேரம் தாமதம். ஊரெல்லாம் வெயில், அவர் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

எல்லாம் பிரெபென் செய்த வேலை. ஓடென்சேயிலிருந்து மனைவி தோராவோடு ஒரு வாரம் தங்க வந்த மனிதர், பெட்டியைக்கூடப் பிரிக்காமல், ஜன்னலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த இரண்டு பீங்கான் நாய்களைக் கண்டு முகம் சுளித்தார். "தங்குறது நாம. நமக்கு முதுகத்தான் காட்டுமா?" என்று அவற்றை அறைக்குள் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு மெட்டே தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூறு கெட்ட மனுஷா! ஆம்பள கடல்ல இருந்தா நாய் வெளிய பாக்கும், வீட்டுல இருந்தா உள்ள பாக்கும். நீ உள்ள திருப்பிட்ட. அப்புறம் இந்த வீட்டுக்காரர் வராம என்ன பண்ணுவார், பாவம்!"

யெஸ்பர் நான்கு நாள் இருந்தார். பொரித்த உப்புமீனையும் கருப்பு ரை ரொட்டியையும் சத்தமில்லாமல் சாப்பிட்டார். அவர் நாற்காலிக்கடியில் தேங்கிய கடல்நீரைத் தோரா மூன்று வேளையும் துடைத்தாள். அவள் மகன் விகோ நார்வேப் பக்கம் கடலில் காணாமல் போய் நான்கு வருடம். கப்பல் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. அவன் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று பிரெபென் சொல்லியிருந்தார். பிறந்தநாளுக்கு மேஜையில் வைக்கும் சின்னக் கொடியையும் பரணில் போட்டுவிட்டார்.

"அங்க விகோன்னு ஒரு பையனைப் பாத்தீங்களா?" என்று தோரா கடைசியில் கேட்டே விட்டாள்.

"கடல் ரொம்பப் பெருசும்மா," என்றார் யெஸ்பர்.

சனிக்கிழமை காலை அவரே எழுந்து நாய்களை வெளியே பார்க்கத் திருப்பினார். "இங்க என் ஆளுங்க யாருமே இல்லையே," என்றார். மகளுக்கென்று இங்கிலாந்தில் வாங்கிய வேறொரு ஜோடி நாய்களைப் பையிலிருந்து எடுத்துத் தோராவிடம் கொடுத்துவிட்டு, மணல்மேட்டைத் தாண்டிப் போனார். பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்தார்கள்.

ஓடென்சேயில், நாலாவது மாடி ஜன்னலில், தோரா அவற்றைத் தெருவைப் பார்க்க வைத்தாள். உள்ளே திருப்பினால் விகோ வருவான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படி வருவான்? நனைந்து வந்துவிட்டால்? வெளியே பார்க்கும்வரை அவன் எங்கோ கடலில் இருக்கிறான், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் ஒன்பது வருடம் அவற்றைத் தூக்காமலே தூசி தட்டினாள். "பொம்மைக்குப் போய் இந்தக் கும்பிடா?" என்று பிரெபென் கிண்டல் செய்வார்.

பத்தாவது வருடம் மார்ச் மாதம், விகோவின் பிறந்தநாளன்று, ரொட்டி வாங்கித் திரும்பியவள் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நாய்களின் முதுகு தெரிந்தது. ஐயோ என்று மாடி ஏறி ஓடினாள். மேஜையில் கொடி நின்றது. பிரெபென் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!"

"என்னால முடியல தோரா. அந்தக் குளிர்ல அவன இன்னும் எத்தன நாள் நிக்க வைக்கிறது?"

அவள் நாய்களிடம் கையை நீட்டினாள். அப்போது கீழே படிக்கட்டில் ஈர பூட்ஸ் சத்தம் கேட்டது. லிப்ட் இருந்தாலும் விகோ எப்போதும் நடந்துதான் வருவான். இரண்டாவது மாடி. மூன்றாவது மாடி. தோரா கையை இழுத்துக்கொண்டாள். பெரிய துண்டை எடுத்து அவன் நாற்காலியில் மடித்துப் போட்டு, மூன்று கோப்பைகளை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டுக்காரர்கள் தங்கள் மேல்தளம் ஒழுகுகிறதென்று குடியிருப்புச் சங்கத்தில் எழுதிக்கொடுத்தார்கள். குழாய்க்காரர் வந்து விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, உப்பு என்றார். இப்போது அந்த ஒழுக்குக்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார்கள்.