ஈயம் பூசிய சல்லடை

எங்கள் பெரிய துரைக்குச் சமையல் ஆசை வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக நான் அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமைக்கிறேன். ஒரு நாளாவது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்த மனுஷன் இல்லை. ஐம்பத்தேழாம் வருஷம், சீமைக்கு ஒரேயடியாகத் திரும்பிப் போக மூன்று மாதம் இருக்கும்போது, புல்தரையில் நெருப்பு மூட்டித் தன் கையாலேயே இறைச்சி சுட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஏதோ புத்தகத்தில் படம் பார்த்தாராம். பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை நெடுக்காக அறுக்கச் சொல்லி, கால் வைத்து அடுப்பாக்கினார். அடுப்பில் குற்றம் சொல்ல முடியாது. அதன்மேல் எதைப் போட்டு இறைச்சியைப் பரப்புவது என்பதில்தான் என் உயிரை வாங்கினார்.

முதலில் சாக்கடைக் கான் மூடுகிற இரும்புக் கம்பி. இடைவெளி இரண்டு விரல். சொசேஜ் ஒவ்வொன்றாகக் கரியில் விழுந்தது. குனிந்து குனிந்து இடுக்கியால் பொறுக்கியவன் நான். அடுத்த வாரம் கோழிக்கூட்டு வலை. சூடு ஏறியதும் அது தொட்டிலாகத் தொய்ந்து, துண்டெல்லாம் நடுக்குழியில் போய்க் குவிந்தது. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. "கந்தப்பன், நெருப்பு நல்லா இல்லே" என்று என்னைப் பார்த்தே சொன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என் மனைவி பூரணி கருவாடு சுட ஒரு கம்பித் தட்டு வைத்திருந்தாள். பழைய வாளிப் பிடிகளை நிமிர்த்தி, அரை விரல் இடைவெளியில் வரிசையாகக் கட்டியது. எதுவும் விழாது, எதுவும் தொய்யாது.

"இதக் கொண்டுபோயி தொரகிட்ட காட்டுங்களேன்" என்றாள்.

"போடி இவளே. தொரைக்கு யாராச்சும் கருவாட்டுக் கம்பியக் காட்டுவாங்களா?"

மூன்றாவதாகத் துரை கண்டுபிடித்ததுதான் சல்லடை. பாக்டரியில் தேயிலை சலித்துக் கழித்துப் போட்ட பித்தளை வலையை, இரும்புச் சட்டத்தில் பொருத்திக்கொண்டு வந்தார். "கந்தப்பன், எப்படி?"

"சரிங்க தொர" என்றேன். பங்களாவில் கால் வைத்த முதல் நாளே நாங்கள் படிக்கிற பாடம் அது. துரை கேட்டால் பதில் ஒன்றுதான்.

ஆனால் வரப்போவது எனக்குத் தெரியும். இறைச்சியை எலுமிச்சம்புளியில் ஊற வைத்திருப்பேன். புளிப்பு பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும், சாப்பிட்டவர்கள் வாந்தி எடுப்பார்கள். அதுவும் அந்தச் சனிக்கிழமை விருந்துக்கு வருகிறவர் திம்புள்ளப் பக்கத்துத் துரை. அவருக்குச் சமையல்காரன் தேவை. எங்கள் தோட்டத்துக்கு வரப்போகிற புதுத் துரையோ தன் ஆளைக் கூட்டிக்கொண்டே வருகிறாராம். திம்புள்ளத் துரைக்கு என்னைப் பிடிக்காவிட்டால், பங்களாப் பின்கட்டு அறையைக் காலி செய்துவிட்டுக் கூலிக்காரர் குடியிருக்கிற லயத்துக்குப் போய், நாற்பத்தெட்டு வயதில் மண்வெட்டி பிடிக்க வேண்டியதுதான். இடுப்பு வலியோடு மலை ஏற என்னால் ஆகாது.

அதனால் யாரிடமும் சொல்லாமல் நானே ஒரு காரியம் செய்தேன். என் லீவு நாளில் சல்லடையைச் சாக்கில் சுற்றி அட்டன் டவுனுக்குத் தூக்கிப்போய், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதுபோல நன்றாக ஈயம் பூசிக்கொண்டு வந்தேன். அது வெள்ளியாக மின்னியது. துரை பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். நானும் மடையன் மாதிரிப் பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை மதியம் மழை விட்டிருந்தது. திம்புள்ளத் துரையும் எங்கள் துரைசானியும் நாற்காலியில் இருக்க, எங்கள் துரை ஏப்ரன் கட்டிக்கொண்டு ஆட்டு விலாவைச் சல்லடையில் அடுக்கினார். கொழுப்பு உருகியதும் தணல் குப்பென்று எழும்பியது. அப்போதுதான் பார்த்தேன். சல்லடையின் அடியில் பளபளவென்று துளி துளியாக ஏதோ திரண்டு கரியில் விழுந்தது. கொழுப்பு அப்படி மின்னாது. ஈயம்!

 குழம்பு வைக்கிற பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும், ஈயம் நிற்கும். வெறும் தணலில் அது எப்படி நிற்கும்? இந்தச் சின்ன விஷயம் ஏன் என் மர மண்டையில் ஏறவில்லை! விலாவின் அடியில் வெள்ளிப் பொட்டுகள். துரை அவற்றைக் கவனிக்கவில்லை. கையில் கிளாஸ், வாயில் பேச்சு. முதல் துண்டை விருந்தாளியின் தட்டில் வைத்தார். வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அவர் அதைத் தின்பார்.

"வேணாங்க தொர! சாப்பிடாதீங்க! ஈயம் ஒட்டியிருக்கு!"

பங்களாவில் நான் சொன்ன முதல் 'வேணாம்' அது. எங்கள் துரையின் முகம் சிவந்தது. ஈயம் பூசியது நான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். அவர் ஏப்ரனை அவிழ்த்துப் புல்லில் எறிந்தார்.

குசினிக்கு ஓடினேன். சல்லடையில் ஏறாமல் மிச்சமிருந்த இறைச்சியைப் பூரணியின் கருவாட்டுக் கம்பியில் போட்டுச் சுட்டு அனுப்பினேன். ஒரு துண்டும் மிஞ்சவில்லை. கொஞ்ச நேரத்தில் திம்புள்ளத் துரையே குசினி வாசலில் வந்து நின்றார்.

"நல்ல சாப்பாடு" என்றார். "நீ இன்னிக்குப் பயப்படாம பேசினே. எனக்கு அந்த மாதிரி ஆள் வேணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் கருவாட்டுக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா இது பார்க்க நல்லா இல்லே. என் பங்களாவுக்கும் பித்தளைச் சல்லடைதான் போடப் போறேன். ஈயம் இல்லாம. நீ என்ன சொல்றே?"

களிம்பு ஏறும், வேண்டாம் என்று தொண்டை வரை வந்தது. அவரும் காத்துக்கொண்டுதான் நின்றார்.

"சரிங்க தொர" என்றேன்.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "தலையாட்ட என்கிட்ட நிறையப் பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூரணி கம்பியை எடுக்க வந்தாள். "என்ன கேட்டாரு தொர?"

"சல்லடை போடவான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் குனிந்து அடுப்புச் சாம்பலை அள்ளினேன்.  அவள் கம்பியைச் சாம்பல் போட்டுத் துலக்கி, லயத்துக்குக் கொண்டுபோகிற சாமான்களோடு சேர்த்து வைத்தாள்.