தலைக்கவசத்தில் கட்டிய பச்சைச் சட்டைக்கை

காலையில் யோலாந்தின் சட்டைக்கைகளைத் தோளோடு வைத்துத் தைப்பதும், மாலையில் அந்தத் தையலைப் பிரிப்பதும் என் வேலை. பதினான்கு வயதில் அவளை ஆங்கெரான் பிரபுவுக்குக் கட்டிவைத்தபோது அவளுடைய துணிப்பெட்டிகளோடு நானும் அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். பிரபுவுக்கு அப்போதே நாற்பது. ஏழு வருஷத்தில் யோலாந்த் நான்கு பிள்ளைகள் பெற்றாள். தங்கியது இசபோ ஒருத்திதான்.

தியெரி என்ற குதிரைவீரர் அந்த ஏழாவது வருஷ இலையுதிர் காலத்தில் பிரபுவிடம் வந்து சேர்ந்தார். வீட்டுக்கு மூன்றாவது மகன். ஒரு குதிரை, ஒரு கவசம், நல்ல குரல், அவ்வளவுதான் அவர் சொத்து. சாப்பாடு முடிந்ததும் பாடுவார். ஏதோ ஒரு ஜன்னலில் ஒரு சீமாட்டி நிற்பாள், கீழே ஒருவன் அவளுக்காக உருகிச் சாவான். ஆண்கள் எல்லாரும் கண் கலங்குவார்கள்.

யோலாந்த் என் காதருகே குனிந்து, "ஏன்டி ஒதலின், அந்தப் பொம்பளைக்குப் பசியே எடுக்காதா? மூணு பாட்டா ஜன்னல்லயே நிக்கிறா," என்பாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொடியில் போட்ட துணியை எடுப்பதுபோல எழுந்து போய்விடுவேன். அவள் தியெரியோடு பத்து வார்த்தை பேசியிருப்பாளா என்பது சந்தேகம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குக் கடைவாய்ப் பல்வலி.

ஈஸ்டர் கழிந்து, வீரர்கள் குதிரைமேல் ஈட்டியோடு மோதும் போட்டி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், வேலியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னிடம் தியெரி வந்தார்.

"அக்கா, ஒரு உதவி. அங்க வர்ற ஒவ்வொருத்தனும் யாரோ ஒருத்தி குடுத்த துணியக் கட்டிக்கிட்டு வருவான். நான் மட்டும் மொட்டையா போய் நிக்கணுமா?"

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"எஜமானியம்மாவோட பழைய சட்டைக்கை ஒண்ணு குடுங்க. யாருதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

ஏன் கொடுத்தாய் என்று பிற்பாடு பலர் என்னைக் கேட்டார்கள். அந்தக் கோட்டையில் என்னை அக்கா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மணிக்கட்டுப் பக்கம் நைந்துபோன பச்சைச் சட்டைக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இடது கை.

போட்டியன்று அதைத் தலைக்கவசத்தில் கட்டிக்கொண்டு நான்கு பேரைக் குதிரையிலிருந்து வீழ்த்தினார் தியெரி. அந்தச் சட்டைக்கையின் ஓரத்தில் நான் போட்ட காடைப் பூவேலை இருந்தது. மாதாகோயிலில் அதைப் பார்க்காத பெண் அந்த வட்டாரத்தில் கிடையாது. நடுவர்கள் அவரை அழைத்து, யாருடைய துணி என்று கேட்டார்கள். அவர் நெஞ்சில் கை வைத்து, "பேரச் சொல்றது வீரனுக்கு அழகில்ல," என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பெயரைச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பேர் யோலாந்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் அப்போது இசபோவுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஆரவாரம் கேட்டு நிமிர்ந்து களத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அது என்னுதுதானே?" என்றாள். என் முகமே பதில் சொல்லிவிட்டது. பிரபு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை பெரிய கூடத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். பிரபுவின் பெரியப்பா மகன் ரெனியே எழுந்து, யோலாந்த் சோரம் போனவள் என்று வெளிப்படையாகவே சொன்னான். நான் ஓடிப்போய் மண்டியிட்டேன்.

"பிரபு, நான்தாங்க குடுத்தேன். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அவர் கேட்டாரு, நான் குடுத்துட்டேன்."

கூடம் சிரித்தது. "எஜமானிக்காக வேலைக்காரி பொய் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? எந்திரிச்சுப் போ," என்றார் பிரபு. அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தியெரியைக் கேட்டார்கள். 'இந்த வேலைக்காரி கொடுத்தாள்' என்ற மூன்று வார்த்தை போதும், அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாளை உருவித் தரையில் ஊன்றி, "இந்த அம்மா மாசு இல்லாதவங்க. இல்லைன்னு சொல்றவன் யாரா இருந்தாலும் என் வாளுக்குப் பதில் சொல்லட்டும்," என்றார். கிழட்டு வீரர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யோலாந்த் எழுந்தாள். "உங்க வாள் எனக்கு எதுக்குங்க? வாயத் திறங்க. அதை உங்களுக்கு யாரு குடுத்தாங்க? அத மட்டும் சொல்லுங்க."

தியெரியின் காதெல்லாம் சிவந்துவிட்டது. நான்கு பேரை வீழ்த்திய வீரன், துணி உலர்த்துகிறவளிடம் கெஞ்சி வாங்கிய கந்தல் அது என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வார்? தலை குனிந்து அவளை வணங்கினார். அந்த மௌனத்தைக்கூடக் கண்ணியம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

"நீ உக்காரு," என்றார் பிரபு மனைவியிடம். "இது ஆம்பளைங்க விஷயம்."

ஒரு வாரம் கழித்து ரெனியேயும் தியெரியும் களத்தில் இறங்கினார்கள். யாருக்கு வெற்றியோ அவன் பக்கம்தான் கடவுள் என்று பாதிரியார் அறிவித்தார். யோலாந்தைக் கறுப்பு உடுத்திக் களத்தோரம் நிறுத்தினார்கள். தியெரி தோற்றால் அவளை என்ன செய்வார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் பத்தடி பின்னால் விறகு அடுக்கியிருந்தது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நண்பகலுக்குள் தியெரி ரெனியேயின் தொடையைப் பிளந்துவிட்டார். மூன்றாம் நாள் ரெனியே செத்தான்.

யோலாந்த் குற்றமற்றவள் என்று மணி அடித்தார்கள். பிரபு எல்லார் முன்னிலும் தியெரியைத் தழுவிக்கொண்டு அழுதார். அவருக்கு மகன் இல்லை. எல்லையில் பக்கத்து நாட்டார் தொல்லை. இருந்த ஒரு நல்ல வாளும் ரெனியேயோடு போய்விட்டது. வெற்றியைக் கொண்டாட வைத்த விருந்திலேயே, ஐந்து வயது இசபோவைத் தியெரிக்கு நிச்சயம் செய்தார். தனக்குப் பின் கோட்டையும் நிலமும் தியெரிக்கே என்றார். கல்யாணம் வரை குழந்தை தியெரியின் தாய் வீட்டில் வளரும். யோலாந்த் கன்னியர் மடத்துக்குப் போக வேண்டும்.

அவள் கணவனிடம் நேராகவே கேட்டாள். "கடவுளே என் மேல தப்பில்லன்னு சொல்லிட்டாருன்னீங்க. அப்புறம் எதுக்கு மடம்?"

"தப்பில்லதான்," என்றார் அவர். "ஆனா உன்னப் பாக்குறப்பல்லாம் அந்தக் கூட்டம் கத்தினதுதான் என் காதுல கேக்குது. என்னால முடியல, யோலாந்த்."

உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

நான் என் மூட்டையைக் கட்டி அவளோடு கிளம்பத் தயாராக நின்றேன். அவள் வாசலில் என்னைத் தடுத்தாள்.

"நீ என்கூட வராத. இசபோகூடப் போ."

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க."

"மாட்டேன். எப்பவும் மாட்டேன்டி. அதனாலதான் சொல்றேன். நீ என் பிள்ளைக்குக் கடன்பட்டவ. அவளுக்குப் பல்லு வலிச்சா யாரு பாப்பா? போ."

கோவேறு கழுதையில் ஏறிப் போனாள். மகளைத் தூக்கி முத்தமிட்டபோதுகூட அழவில்லை. நான்காவது வருஷம் மடத்தில் காய்ச்சல் பரவியபோது அவள் இறந்துபோன செய்தி எங்களுக்கு ஆறு வாரம் கழித்துத்தான் வந்தது. பிரபு அதற்கு அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

இசபோவுக்குப் பன்னிரண்டு முடிந்ததும் கல்யாணம் வைத்தார்கள். அதற்குள் பாடகர்கள் அந்தக் கதையைப் பாட்டாக்கிவிட்டிருந்தார்கள். பாட்டில் யோலாந்த் தன் கையாலேயே சட்டைக்கையைக் கழற்றித் தருகிறாள். பாட்டில் நான் இல்லை.

கல்யாணத்தன்று காலை, பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏழு வருஷம் அவளிடம் மறைத்து வைத்திருந்தது. அவளுக்கு வாய் இருக்கிறது, கோயில் வாசலில் பாதிரியார் சம்மதம் கேட்பார், மாட்டேன் என்று சொல்லட்டும் என்று நினைத்தேன்.

இசபோ கையில் இருந்த ஆப்பிளைக் கடித்தாள். "தெரியும் அக்கா," என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவரேதான். போன கிறிஸ்துமஸுக்குக் குடிச்சுட்டு வந்து சொன்னாரு. 'ஒரு கிழிஞ்ச துணி, எனக்கு ஒரு கோட்டையே வாங்கிக் குடுத்துச்சு பாரு'ன்னு சிரிச்சாரு. அத்தையும் சேர்ந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"நீ ஏம்மா சிரிச்ச?"

"சிரிக்காம என்ன பண்றது? அவங்க வீட்டுலதானே இருந்தேன்."

கீழே குழல் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் வாசலில் பாதிரியார் அவளிடம் சம்மதம் கேட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவாக, சம்மதம் என்றாள். கூட்டத்தில் ஒரு பெண், எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று என்னிடம் சொன்னாள்.