சடையனின் இடது முட்டி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு மருந்துக்கடை வாசலில். போன மாதம் என் முட்டிக்கு ஒரு எலாஸ்டிக் உறை வாங்கினேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், வேலை செய்யும்போது அணியவும், தூங்கும்போது கழற்றவும் என்று போட்டிருந்தது. படியிலேயே நின்று அதை நாலு தடவை படித்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால், எழுபத்தெட்டில், திருவண்ணாமலையில் ஒருவன் இதை அப்படியே தலைகீழாகச் செய்தான். வேலைக்குப் போகும்போது முட்டிப் பட்டையைக் கழற்றி வைத்தான். வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டான். புத்தியில்லாதவன் அல்ல. ஏன் அப்படிச் செய்தான் என்பதுதான் கதை. அவன் என்ன ஆனான் என்பதில் கடைசியில் எனக்கும் உங்களுக்கும் தகராறு வரும். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

(பாதி கண்டது, பாதி கட்டியது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: கார்த்திகைப் பனியில் மலை உச்சி மறைந்து

வேண்டாம். மலையைக் காட்டினால் எல்லோரும் மலையைத்தான் பார்ப்பார்கள். முட்டியை யார் பார்ப்பது?

இரண்டாவது: சடையன் நொண்டினான்.

பொய். சடையன் நொண்டவில்லை. நொண்டாமல் நடப்பதற்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது, இருக்கட்டும்: பெரிய தேருக்கு பிரேக் கிடையாது.

ஓடுகிற தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் போடுகிற முட்டுக்கட்டைதான். முன்பக்க இடது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் சடையன். வயது நாற்பது. மற்ற நாளெல்லாம் கடலை மண்டியில் மூட்டை தூக்குவான். கட்டை போடுகிறவன் சக்கரத்துக்கு முன்னால் ஓடவேண்டும். இடது முட்டியைத் தரையில் ஊன்றி, கைக்குழந்தை கனமுள்ள புளியங்கட்டையைச் சக்கரத்தடியில் செருகவேண்டும். அதே மூச்சில் பின்னால் துள்ளவேண்டும். அடுத்த மூச்சுக்கு அங்கே இடமில்லை. சக்கரம் வந்துவிடும்.

அந்த ஆடியில், லாரிப் பலகையிலிருந்து மூட்டையோடு இறங்கும்போது அவன் இடது முட்டி ஒரு சுற்று சுற்றி நின்றது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.

3

பெரியாஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே நார் கிழிந்திருக்கிறது என்றார். மூன்று மாதம் மூட்டை தூக்கக்கூடாது. முடியாதென்றால் வேலை நேரத்தில் முட்டியை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொள். வீட்டில் கழற்றிவிட்டுக் காலை நீட்டி மடக்கிப் பழக்கு. இல்லாவிட்டால் சதை வற்றிப்போகும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பட்டை செய்துகொடுத்தவர் குலாம் ரசூல். ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். தொடைக்கு ஒரு தோல் கச்சை, கெண்டைக்கால் மேல் ஒன்று, இரண்டையும் சேர்த்து இருபக்கமும் இரும்புப் பட்டி, முட்டிக்கு நேராகக் கீல். அளவெடுக்கும்போது சடையன் நெளிந்தான்.

"குதிரையே இதைவிட ஒழுங்கா நிக்கும்பா" என்றார் பாய்.

"குதிரைக்கு வண்டிதான் பாய் இழுக்கணும். நான் தேரையே நிறுத்தணும்."

"அப்ப ஒரு கீலு ஜாஸ்தியாவே போட்டுடறேன்."

நல்ல பட்டை. மாட்டியதும் முட்டி ஆடாமல் நின்றது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போனால் மேஸ்திரி பார்ப்பார். கட்டுப்போட்ட காலைப் பார்த்த மேஸ்திரி லாரிக்குக் கூப்பிடமாட்டார். ஆகவே மண்டியில் பட்டை இல்லாமலேயே தூக்கினான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பட்டையை இறுக்கி மாட்டிக்கொண்டு, அதோடேயே படுத்தான். பகல் முழுக்கப் பிடிக்காததை ராத்திரி முழுக்கப் பிடித்தால் சரியாகிவிடும் என்று கணக்கு.

(நான் சிரிக்கவில்லை. மூட்டை தூக்குகிற எவனும் அந்தக் கணக்கைத்தான் போடுவான். நோவு ராத்திரியில்தானே தெரிகிறது.)

4

ஐப்பசி கடைசியில் அவன் மனைவி சரசு வாழைநாரை எடுத்தாள். வலது தொடையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அதே வளையத்தை இடது தொடையில் ஏற்றினாள். உள்ளே மூன்று விரல் போனது.

"இது உன்னைத் தாங்கல மாமா. உன் காலைத் தின்னுது."

கார்த்திகை பிறந்து, தீபத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடி ஏறியது. கொடியேறியதிலிருந்து விரதம். கட்டை போடுகிறவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: விரத நாளில் உடம்பில் தோல் படக்கூடாது. செருப்பில்லை, பெல்ட்டு இல்லை.* ஆகவே கொடியேறிய நாளிலிருந்து வீட்டிலும் பட்டை இல்லை. மூன்று மாதமாக இரும்பின்மேல் சாய்ந்து பழகிய கால் இப்போது தனியாக நின்றது. படி இறங்கும்போது முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது.

தேர் நாளுக்கு முந்தின சாயங்காலம் சரசு முடிவாகச் சொன்னாள். ஒன்று, பட்டையைப் போட்டுக்கொண்டு போ. இல்லை, போகாதே.

"தோலு" என்றான்.

"மேளம் இன்னா தகரமா? அது சாமிக்கு முன்னாடி போவுது. உனக்கு மட்டும் ஆவாதா?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் அந்த இடத்தில் அவனை வெளியே எழுந்துபோக வைத்தேன்.

* இது அந்தக் கூட்டத்துக்குள் அவர்களாகவே வைத்துக்கொண்டது. கோயிலில் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லக்கூடும். இந்தக் கதையில் யாரும் கேட்கவில்லை.

5

இப்போது அப்பாசாமி வரவேண்டும். கட்டைக் கூட்டத்துக்கு மூத்தவர், யார் எந்தச் சக்கரத்துக்கு என்று பிரித்து நிறுத்துகிறவர்.

முதலில் அவரை வில்லனாக எழுதினேன். மீசை, அதட்டல், சடையன் இடத்தில் மச்சானைக் கொண்டுவரும் ஆசை. மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். அப்படிப்பட்டவராக இருந்தால் கதை சுலபம். ஆனால் அப்பாசாமி தன் தம்பியை அதே இடது சக்கரத்துக்குப் பறிகொடுத்தவர். அன்று தம்பிக்குக் காய்ச்சல். முடியும் என்று அவன் சொன்னான், இவர் நம்பினார். அதிலிருந்து தேர் நாள் காலையில் ஒவ்வொருவனையும் குந்தவைத்து, கட்டையை நெற்றியில் தொடவைத்துத்தான் அனுப்புவார். பார்க்கிறவர்களுக்கு அது சாமி கும்பிடுவது. அவர் பார்ப்பது முட்டியை.

ஆக, தோல் ஆகாது என்று அவர் சொன்னால் தோலைத்தான் சொல்கிறாரா, அல்லது

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

6

தேர் நாள். பிள்ளையார் தேரும் முருகர் தேரும் நிலைக்கு வந்துவிட்டன. பெரிய தேரின் இரும்புச் சங்கிலியை ஆயிரம் கைகள் பிடித்திருந்தன. சடையன் பட்டையோடு வந்தான். வேட்டியை முட்டிக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தான்.

வரிசையாகக் குந்தினார்கள். சடையனுக்குப் பாதிதான் குந்த முடிந்தது. கீல் அதற்குமேல் மடங்காது. அப்பாசாமி அவன் முன்னால் வந்து நின்றார். குனிந்து, வேட்டிமேல் கைவைத்து அமுக்கினார். இரும்பு தட்டுப்பட்டது.

சுற்றி நின்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"எத்தினி நாளா?"

"ஆடியிலேர்ந்து."

"கழட்டிட்டு நிப்பியா?"

"நிப்பேன்."

"துள்ளுவியா?"

சடையன் சக்கரத்தைப் பார்த்தான். சங்கிலி ஒருமுறை இழுபட்டு அடங்கியது.

"கழட்டிட்டு வா. இல்ல, கட்டையைக் குடுத்துட்டுப் போ. உன்னை நம்பித்தான் அந்தாண்ட சக்கரத்துக்காரன் நிக்கிறான்."

பட்டையில் மூன்று கொக்கிகள். சடையன் வேட்டியைத் தூக்கி, எல்லோரும் பார்க்க, முதல் கொக்கியை எடுத்தான். இரண்டாவதை எடுத்தான். வீதி ஓரத்தில் அம்மன் தேர் இழுக்கக் காத்திருந்த பெண்கள் கூட்டத்தில் சரசு நின்றாள். அவள் கூப்பிடவில்லை. அவன் அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

7

முடிவு ஒன்று: கழற்றுகிறான், கட்டை போடுகிறான், முட்டி மடங்குகிறது. எழுதிப் பார்த்தேன். ரத்தத்தை எழுதுவது எப்போதும் சுலபம். படிப்பவரும் ஐயோ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

முடிவு இரண்டு: அப்பாசாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பட்டையோடே போகிறான், தேர் நிலைக்கு வருகிறது. ஆனால் கீல் பாதிதான் மடங்கும் என்று நானே எழுதிவிட்டேன். முட்டி தரையில் படாமல் கட்டை எப்படி உள்ளே போகும்?

முடிவு மூன்று: கட்டையைக் கொடுத்துவிட்டுச் சரசு பக்கத்தில் போய் நிற்கிறான். உயிர் மிச்சம். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அவனுக்குப் பிடிக்காது. மறுநாள் காலை மண்டி மேஸ்திரிக்குச் சேதி போய்விடும்: சடையன் கால் போச்சு. அதற்கப்புறம் எந்த லாரிக்கும் அவனைக் கூப்பிடமாட்டார்கள். மூட்டையும் இல்லாமல் தேரும் இல்லாமல் அந்த வீட்டில் எழுந்திருக்கிற சடையனை எனக்கு எழுதத் தெரியவில்லை.

நான் எழுதப்போவதில்லை. முடிவு சொல்ல ஆசைப்படுகிறவர்கள் முதலில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். இடது முட்டியைத் தரையில் ஊன்றுங்கள். கையில் கனமாக ஏதாவது இருக்கட்டும், அரிசி வாளியானாலும் சரி. அதை முன்னால் தள்ளிவிட்டு, அதே மூச்சில் பின்னால் துள்ளுங்கள்.

துள்ளினீர்களா? தரையில் கை ஊன்றாமல்?

இப்போது சொல்லுங்கள். சங்கிலி விறைத்துவிட்டது. அவன் விரல் மூன்றாவது கொக்கியில் இருக்கிறது.